அங்கே போய் என்ன வேலை?

நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஆகாய மார்க்கமாக 2,600 மைல். தரை மார்க்கமாக 2,900. விமானத்தில் ஏறினால் ஆறு மணி நேரச் சொச்சத்தில் இறக்கிவிடுகிறார்கள். காரில் போனால், சோறு தூக்கம் எதுவும் இல்லாமல் மிதித்தால், ஏறக்குறைய இரண்டு நாள். எந்தப் பள்ளிக்கூடத்துப் பையனும் செல்போனைத் தட்டி இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவான்.

ஆனால் இந்த எண்கள் சும்மா வந்துவிடவில்லை. ஒன்றரை நூற்றாண்டாக ஒரு பெருங்கூட்டம் கை கால் உடைத்துக்கொண்டு, கடன் வாங்கி, பெண்டாட்டிக்குத் தந்தியடித்துப் பணம் வரவழைத்துச் சுருக்கிய தூரம் இது. அமெரிக்கச் சரித்திரப் புத்தகங்கள் அவர்களை முன்னோடிகள், சாகசக்காரர்கள் என்றெல்லாம் கண் கலங்க எழுதுகின்றன. எழுதட்டும். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கமுக்கமாக விட்டுவிடுகின்றன. சாதனை படைத்த இந்த மகான்களில் பெரும்பாலோருக்குப் போய்ச் சேர்ந்த ஊரில் ஒரு வேலையும் கிடையாது.

வேலை இருந்தவர்கள் ரயிலில் போய்விட்டார்கள்.

குறுக்கு வழிக்காரர்

ரயில் வருவதற்கு முன்னால் கலிபோர்னியா போக மூன்று வழிகள். ஒன்று, கப்பலேறித் தென் அமெரிக்காவின் கடைக்கோடியான கேப் ஹார்னைச் சுற்றிக்கொண்டு போவது. ஐந்தாறு மாதம் ஆகும், வாந்தி தனி. இரண்டு, பனாமாவில் இறங்கிக் காட்டைக் கடந்து மறுகரையில் வேறு கப்பல் பிடிப்பது. அங்கே மலேரியா காத்திருக்கும், கப்பல் காத்திருக்காது. மூன்றாவது, மிசௌரியிலிருந்து மாட்டு வண்டி. நான்கு முதல் ஆறு மாதம்.

மாட்டு வண்டிக்காரர்களின் கஷ்டத்தைப் பார்த்து மனம் பொறுக்காத லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் என்ற வக்கீல், 1845இல் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார். பெரிய உப்பு ஏரிக்குத் தெற்கே போகும் ஒரு குறுக்கு வழியை அதில் போகிறபோக்கில் சிபாரிசு செய்திருந்தார். சிபாரிசில் ஒரு சின்னக் குறை. எழுதியபோது அவர் அந்த வழியில் போனதில்லை.

1846இல் டோனர், ரீட் குடும்பத்தார் தலைமையில் கிளம்பிய வண்டிக் கூட்டம் அச்சில் வந்தது பொய்யாக இருக்காது என்று நம்பியது. ஹேஸ்டிங்ஸ் தானே முன்னால் நின்று வழிகாட்டுவதாகச் சொல்லியிருந்தார். இவர்கள் போய்ச் சேர்வதற்குள் ஆள் வேறொரு கூட்டத்தோடு கிளம்பிவிட்டார். இந்தப் பள்ளத்தாக்கு சரிப்படாது, வேறு வழி பாருங்கள் என்று ஒரு கடிதத்தை மட்டும் வழியில் விட்டுப் போயிருந்தார். மரத்தை வெட்டி, பாறையைப் புரட்டி, தாங்களே பாதை போட்டுக்கொண்டு போனார்கள். பாலைவனத்தை இரண்டு நாளில் தாண்டிவிடலாம் என்றது இன்னொரு சீட்டு. ஐந்து நாளுக்கு மேல் ஆனது. மொத்தத்தில் அந்தக் குறுக்கு வழி, நேர் வழியைவிட நூறு மைலுக்கு மேல் நீளம். தாமதமான கூட்டத்தைச் சியரா நெவாடா மலையில் பனி பிடித்துக்கொண்டது. 87 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் உயிரோடு கலிபோர்னியாவைப் பார்த்தார்கள். பசியில் அவர்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. படிக்கிறவர் கையில் டிபன் தட்டு இருக்கலாம்.

ஹேஸ்டிங்ஸ் திருந்தினாரா என்றால், 1867இல் இன்னொரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார். இந்தத் தடவை பிரேசிலுக்கு.

கப்பல்காரர்கள் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். 1851இல் 'ஃபிளையிங் கிளவுட்' என்ற பாய்மரக் கப்பல் நியூயார்க்கிலிருந்து கேப் ஹார்ன் வழியாக 89 நாள் 21 மணி நேரத்தில் சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தது. கேப்டன் ஜோசையா கிரீசி. வழி கணித்தவர் அவர் மனைவி எலனோர் கிரீசி. நட்சத்திரம் பார்த்து, காற்றுப் பார்த்து, நீரோட்டம் பார்த்து, எந்தத் திசையில் போவது என்று முடிவு செய்தது அந்த அம்மாள். மாலுமிகளை அதட்டியது ஐயா. பெரும்பாலான குடும்பங்கள் இப்படித்தான் ஓடுகின்றன என்பதால் இதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை.

பாய்மரத்தில் அந்த வேகத்தை அதே கப்பல் 1854இல் சில மணி நேரம் மேம்படுத்தியது. அதற்குப் பிறகு யாராலும் முடியவில்லை, 1989 வரை. அந்த வருடம் ஒரு சின்னப் பாய்மரப் படகு 81 நாளுக்குள் போய்ச் சேர்ந்து சாதனையை முறியடித்தது. விமானத்தில் காலையில் ஏறி மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடக்கூடிய காலத்தில், மூன்று பேர் மூன்று மாதம் உப்புத் தண்ணீரில் நனைந்தால் அவர்களுக்கு அங்கே என்ன அவசர வேலை இருந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

முடிந்திருக்க வேண்டிய கதை

1869 மே 10ஆம் தேதி யூட்டாவின் புரொமன்டரியில், கிழக்கிலிருந்து வந்த தண்டவாளமும் மேற்கிலிருந்து வந்த தண்டவாளமும் சந்தித்தன. தங்க ஆணி அடிக்க ரயில்வே முதலாளி லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் சுத்தியலை ஓங்கினார். முதல் அடியே ஆணி மேல் விழவில்லை என்று ஒரு கதை உண்டு. சீனத்து ஆட்களும் ஐரிஷ்காரர்களும் வருடக்கணக்காகத் தப்பாமல் அடித்த சுத்தியல், முதலாளி கைக்குப் போனதும் தப்பியது என்பதால் அந்தக் கதை இன்றுவரை சாகாமல் இருக்கிறது.

1876இல் இரண்டு நாடகக் காண்டிராக்டர்கள் விளம்பரத்துக்காக ஒரு தனி ரயிலை நியூயார்க்கிலிருந்து கிளப்பினார்கள். 83 மணி 39 நிமிடத்தில் அது சான் பிரான்சிஸ்கோவில் நின்றது. மூன்றரை நாள். ஆறு மாதம் மூன்றரை நாளாகிவிட்டது. போதாததற்கு ரயிலில் உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடும் வரும்.

தூரம் தோற்றுவிட்டது. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மனிதனுக்கு வசதியும் ஓய்வும் வந்தால் அடுத்து என்ன வரும்? பந்தயம் வரும்.

ஐம்பது டாலர் பந்தயம்

1903 மே மாதம். சான் பிரான்சிஸ்கோ யுனிவர்சிட்டி கிளப்பில் கனவான்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் கார் என்பது பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான், அதை வைத்துக்கொண்டு தேசத்தைக் கடக்க முடியாது என்கிறார் ஒருவர். அங்கே உட்கார்ந்திருந்தவர் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன். 31 வயது டாக்டர், சொந்த ஊர் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன். தொண்ணூறு நாளுக்குள் நியூயார்க் போய்க் காட்டுகிறேன் என்று 50 டாலர் பந்தயம் கட்டினார்.

அவரிடம் அப்போது இல்லாதவற்றின் பட்டியல்: கார், சரியான மேப், சொல்லிக்கொள்ளும்படியான ஓட்டுநர் அனுபவம். நாட்டிடம் இல்லாதது: சாலை. ஊர்களுக்கு வெளியே தார் கண்ட ரோடு என்று அன்றைய அமெரிக்காவில் அநேகமாக ஒன்றும் கிடையாது. அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. மனைவி பெர்த்தா. அந்த அம்மாளின் குடும்பம் ஒரு டானிக் விற்றுப் பெரும் பணம் சேர்த்த குடும்பம்.

நாலே நாளில், யாரோ ஓட்டிய வின்டன் காரைப் புது விலையைவிடக் கூடக் கொடுத்து வாங்கினார். சிவப்பு நிறம், இரண்டு சிலிண்டர், 20 குதிரைச் சக்தி. 'வெர்மான்ட்' என்று பேர் வைத்தார். கூடவே சீவல் கிராக்கர் என்ற 22 வயது மெக்கானிக்கைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டார். மே 23ஆம் தேதி வண்டி கிளம்பியது. பெர்த்தா அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? ரயிலேறி வீட்டுக்குப் போய்விட்டார்.

பதினைந்தாவது மைலில் முதல் டயர் வெடித்தது. கைவசம் இருந்த ஒரே மாற்று டயர் அத்தோடு தீர்ந்தது. மேடு பள்ளத்தில் குலுங்கியபடி போக, சமையல் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்தன. எஞ்சின் சத்தத்தில் இருவருக்கும் கேட்கவில்லை. வழியில் ஒருவர் தன் நிலத்தின் வழியாகப் போனதற்கு நாலு டாலர் வாங்கிக்கொண்டார். கார்களுக்கான முதல் சுங்கச்சாவடிகளில் இதையும் சேர்க்கலாம்; இங்கேயும் ரோடு மோசமாகத்தான் இருந்தது.

கலிபோர்னியாவிலேயே நடந்தது அடுத்த கூத்து. குதிரையில் வந்த ஒரு பெண்ணிடம் வழி கேட்டார்கள். கையை நீட்டி ஒரு பாதையைக் காட்டினார். நம்பிப் போனார்கள். 54 மைல் போன பிறகு பாதை ஒரு வீட்டு வாசலில் முடிந்தது. அதற்கப்புறம் வழியே இல்லை. வீட்டுக்காரர்கள் கும்பலாக வெளியே வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது அதே பெண் எதிர்ப்பட்டார். ஏனம்மா இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, அப்பா அம்மாவும் வீட்டுக்காரரும் மோட்டார் காரே பார்த்ததில்லை, பார்க்கட்டும் என்றுதான் அனுப்பினேன் என்றார். அந்தப் பயணத்திலேயே தெளிவான நோக்கத்தோடு செயல்பட்டவர் அவர் ஒருவர்தான்.

ஆரிகன் மாநிலத்தில் பெட்ரோல் தீர்ந்தது. கிராக்கர் வாடகை சைக்கிளில் அடுத்த ஊருக்குப் போனார். சைக்கிளும் பஞ்சர். டயர்கள் கிழிந்தபோது சக்கரத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார்கள். மணலில் புதைந்தபோது குதிரைக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள். எந்தக் குதிரையை ஒழித்துக்கட்ட கார் வந்ததோ அதே குதிரை முன்னால் போக, கார் பின்னால் போயிற்று. ஐடஹோவில் ஜாக்சன் கோட்டைத் தொலைத்தார். பணம் பெரும்பகுதியும் கோட்டோடு போனது. வழக்கமான ஏற்பாட்டின்படி மனைவிக்குத் தந்தி பறந்தது. வயோமிங்கில் வழி தப்பி 36 மணி நேரம் பட்டினி; கடைசியில் ஓர் ஆட்டு இடையர் கண்ணில் பட்டு, கறி வறுத்துப் போட்டார்.

இதற்கிடையே 15 டாலருக்கு ஒரு நாய் வாங்கினார்கள். பெயர் பட். காற்றைத் தடுக்கும் கண்ணாடி இல்லாத வண்டியில் முன்னால் உட்கார்ந்து வந்த பட்டின் கண்ணெல்லாம் உவர்மண் தூசியில் எரிந்து சிவந்தது. எனவே அதற்கும் ஒரு மோட்டார் கண்ணாடி மாட்டினார்கள். ஊருக்கு ஊர் பத்திரிகைக்காரர்கள் டாக்டரைவிட நாயைத்தான் அதிகம் படமெடுத்தார்கள். மூவரில் வழி நெடுகக் கெட்ட வார்த்தை பேசாத ஒரே ஆள் பட்தான் என்று ஜாக்சனே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

ஜூலை 26 விடியற்காலை 4.30க்கு நியூயார்க். 63 நாள் 12 மணி 30 நிமிடம். காரில் அமெரிக்காவைக் கடந்த முதல் மனிதர். ஆன செலவு சுமார் 8,000 டாலர். ஜெயித்த பந்தயம் 50 டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பாட்டிமார் சொன்னதற்கு இதைவிடக் கச்சிதமான ரசீது கிடைக்காது. அந்த ஐம்பதையும் அவர் போய் வாங்கவில்லை. போகலாம் என்றால் சான் பிரான்சிஸ்கோ அல்லவா போக வேண்டும்!

தம்மோடு வந்து சேர்ந்துகொண்ட பெர்த்தாவோடு சொந்த ஊருக்குத் திரும்பினார். வீட்டுக்குப் பதினைந்து மைல் இருக்கும்போது வண்டி நின்றுவிட்டது. உதவிக்கு இரண்டு சகோதரர்கள் ஆளுக்கொரு காரில் வந்தார்கள். அந்த இரண்டும் நின்றுவிட்டன. கடைசியில் ஜாக்சன் தன் வண்டியைச் சரிசெய்து மற்றவர்களுக்கு உதவி, வீட்டுக் கொட்டகை வாசலில் நுழையும்போது, முழு தேசத்தையும் தாங்கிய டிரைவ் செயின் அறுந்து விழுந்தது. அந்த அக்டோபரில் பர்லிங்டன் போலீஸ் அவரைப் பிடித்து அபராதம் போட்டது. குற்றம்: மணிக்கு ஆறு மைலுக்கு மேல் வேகமாக ஓட்டியது.

பச்சை பூசிய வீடு

அடுத்து 1909இல் நியூ ஜெர்சியிலிருந்து ஆலிஸ் ராம்சே என்ற 22 வயதுக் குடும்பத் தலைவி, கார் ஓட்டத் தெரியாத மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து கிளம்பினார். 59 நாளில் சான் பிரான்சிஸ்கோ. ஜாக்சனைவிட நாலு நாள் குறைவு என்பதைக் கவனிக்கவும். ரேடியேட்டர் கொதித்து நின்ற ஓரிடத்தில், கூட வந்த பெண்கள் வெள்ளி மூடி போட்ட பல்துலக்கிக் குப்பிகளை எடுத்துக்கொண்டு போய், பள்ளத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு வந்து ஊற்றினார்கள். நாகரிகம் என்பது அவசரத்துக்கு உதவ வேண்டும்.

அப்போது கார்க்காரர்களுக்கென்று ஒரு வழிகாட்டிப் புத்தகம் வந்திருந்தது. ஊர்ப் பலகை, மைல்கல் எதுவும் இல்லாததால் அது வீட்டையும் மரத்தையும் வைத்து வழி சொல்லும். இத்தனாவது மைலில் மஞ்சள் வீடு வரும், இடது பக்கம் திரும்பு என்றது புத்தகம். மஞ்சள் வீட்டைத் தேடிப் போனார்கள், போனார்கள், காணவே காணோம். விசாரித்தால், அந்த வீட்டுக்காரருக்குக் கார் என்றாலே ஆகாது. தன் வீட்டை அடையாளமாக வைத்துக் கார்க்காரர்கள் திரும்புகிறார்கள் என்று தெரிந்ததும், வீட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டார். ஒரு டப்பா பெயின்டில் ஒரு நாட்டின் போக்குவரத்தைத் தடுத்தவர் என்ற வகையில் அவருக்கு ஒரு சிலை வைத்திருக்கலாம்.

சோடா பாட்டிலோடு ஒருவர்

தரையில் இவ்வளவு அமர்க்களம் என்றால் ஆகாயம் சும்மா இருக்குமா? பத்திரிகை முதலாளி ஹர்ஸ்ட் 50,000 டாலர் பரிசு அறிவித்திருந்தார். முப்பது நாளுக்குள் கடற்கரையிலிருந்து கடற்கரைக்குப் பறக்க வேண்டும். 1911 செப்டம்பர் 17ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து கிளம்பினார் கால் ராட்ஜர்ஸ். ஆறடி நாலு அங்குல உயரம், வாயில் சுருட்டு, சின்ன வயதுக் காய்ச்சலில் காது அநேகமாகப் போய்விட்டது. ரைட் சகோதரர்களின் பள்ளியில் அவர் கற்றுக்கொண்டது சுமார் ஒன்றரை மணி நேரம். நம்மூரில் ஸ்கூட்டர் லைசென்ஸுக்கே அதற்கு மேல் வரிசையில் நிற்க வேண்டும்.

செலவை ஏற்றது ஒரு கம்பெனி. 'வின் ஃபிஸ்' என்ற திராட்சை சோடாவை அது விற்றுக்கொண்டிருந்தது. விமானத்துக்கும் வின் ஃபிஸ் என்றே பெயர். இறக்கை நிறைய விளம்பரம். ஒரு சோடா பாட்டிலும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பறக்கிற ஒவ்வொரு மைலுக்கும் மிசிசிபி ஆற்றுக்குக் கிழக்கே 5 டாலர், மேற்கே 4 டாலர் கூலி. மேற்கே மைல் அதிகம், சோடா குடிக்க ஆள் குறைவு. அதற்குத்தான் அந்த ஒரு டாலர் தள்ளுபடி.

வழி கண்டுபிடிக்க அவரிடம் இருந்த கருவி, கீழே தெரிந்த ரயில் தண்டவாளம். அதைப் பிடித்துக்கொண்டே பறக்க வேண்டும். கிளைப் பாதை வந்த இடத்தில் தப்பான தண்டவாளத்தைப் பிடித்து வேறு ஊரில் போய் இறங்கினார். கீழே ஒரு தனி ரயில் கூடவே வந்துகொண்டிருந்தது. அதில் உதிரி பாகங்கள், மெக்கானிக்குகள், ராட்ஜர்ஸின் மனைவி, அம்மா. மருமகளும் மாமியாரும் ஒரே ரயிலில் ஏழு வாரம். உண்மையான சாகசம் எங்கே நடந்தது என்று சரித்திரக்காரர்கள் இன்னும் சரியாக ஆராயவில்லை.

இரண்டாம் நாளே ஒரு மரத்தில் மோதி, கோழிக் கூண்டின்மேல் விழுந்தார். கட்டினார்கள், பறந்தார், விழுந்தார். மறுபடி கட்டினார்கள். மொத்தம் எழுபது தடவைக்கு மேல் இறங்கினார்; அவற்றில் பதினாறு தடவையாவது இறங்கினார் என்பது மரியாதைக்காகச் சொல்வது, விழுந்தார் என்பதே சரி. முப்பது நாள் கெடு பாதி வழியிலேயே முடிந்து, பரிசு பறிபோனது. ஆனாலும் விடவில்லை. நவம்பர் 5ஆம் தேதி கலிபோர்னியாவின் பாசடீனாவில் இறங்கியபோது 49 நாள் ஆகியிருந்தது. அதில் ஆகாயத்தில் இருந்தது 82 மணி நேரம்தான்; மீதியெல்லாம் ரிப்பேர். கிளம்பியபோது இருந்த விமானத்தில் போய்ச் சேர்ந்தவை சுக்கானும் ஒன்றிரண்டு கட்டைகளும்தாம் என்கிறார்கள். உடையாமல் போய்ச் சேர்ந்த இன்னொன்று, அந்த சோடா பாட்டில்.

கூடவே வந்த அந்த ரயில், வழியில் நிற்காமல் போயிருந்தால் நாலைந்து நாளில் பாசடீனா சேர்ந்து, குளித்துச் சாப்பிட்டு, ஒன்றரை மாதம் இவருக்காகக் காத்திருந்திருக்கலாம்.

ராணுவமும் நாயும்

1919இல் அமெரிக்க ராணுவமே களத்தில் இறங்கியது. உலகப் போரில் ஜெயித்த கையோடு, லாரிகளாலேயே தேசத்தைக் கடக்க முடியுமா என்று பார்க்க ஆசை. ஜூலை 7ஆம் தேதி வாஷிங்டனில் விழா நடத்தி, 81 வண்டிகள் கிளம்பின. முதல் நாள் ஏழரை மணி நேரம் ஓடி 46 மைல் போயின. அன்றைக்கு ராத்திரி முகாமில் 28 வயது லெப்டினென்ட் கர்னல் ஒருவர் வந்து சேர்ந்துகொண்டார். போர்முனைக்கு அனுப்பாமல் பயிற்சி முகாமிலேயே வைத்துவிட்டார்களே என்ற கடுப்பில் இருந்த அவர், பொழுது போகவில்லை என்று தானாகவே பேர் கொடுத்தவர். பெயர் டுவைட் ஐசன்ஹோவர்.

லாரிகள் சேற்றில் புதைந்தன. மணலில் புதைந்தன. பாலங்களின் மேல் ஏறினால் பாலங்கள் விழுந்தன. போகிற வழியில் எண்பதுக்கு மேற்பட்ட பாலங்களை உடைத்து, உடைத்ததைத் தாங்களே சரிசெய்து போனார்கள். சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய ஆறு மைல். இந்தச் சாவகாசத்தில் ஐசன்ஹோவர் விளையாட்டில் இறங்கினார். கிழக்கத்திய நகரவாசிகளான சில அதிகாரிகளிடம், இந்த வட்டாரத்துச் செவ்விந்தியர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள், எந்த நேரமும் தாக்கலாம் என்று கிளப்பிவிட்டார். ராத்திரி கூட்டாளியோடு மேட்டில் ஏறி நின்று ஊளையும் இட்டார். பயந்த ஓர் அதிகாரி போர் இலாகாவுக்கே தந்தி அடிக்கப் போய்விட, தந்தியைத் தடுத்து நிறுத்த இவர் ஓட வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் நார்மண்டிப் படையெடுப்பை நடத்திய மூளை அப்போது இப்படித்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

சான் பிரான்சிஸ்கோ சேர ஆனது 62 நாள். இனி கணக்குப் போடுங்கள். ஒரு டாக்டர், ஒரு மெக்கானிக், ஒரு நாய், ஒரு பழைய கார்: 63 நாள். பதினாறு வருட முன்னேற்றம், 81 வண்டிகள், முந்நூறு பேர் அளவுக்கு ஆள்பலம்: 62 நாள்.

ஐசன்ஹோவர் அந்தச் சேற்றை மறக்கவில்லை. ஜனாதிபதியான பிறகு 1956இல் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு 41,000 மைலுக்கு ரோடு போட வைத்தார். பொழுதுபோகாமல் போன பயணத்தால் நாட்டுக்கு ஆன பெரிய நன்மை இதுதான். ஆனால் நன்மை வர 37 வருடம் பிடித்தது.

கிழக்கே போன மேற்கு

1929இல் பயணிகளுக்கென்றே ஒரு விமானக் கம்பெனி வந்தது. அட்லாண்டிக்கை விமானத்தில் தாண்டிப் பேர் வாங்கிய லிண்ட்பெர்க் ஆலோசகர். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் என்று விளம்பரம். நம்பி டிக்கெட் வாங்கியவரை முதலில் ரயிலில் ஏற்றினார்கள். ராத்திரியில் பறப்பது ஆபத்து என்பதால், ராத்திரி ஒஹாயோ வரை ரயில். பகலில் ஒக்லஹோமா வரை விமானம். மறுபடி ராத்திரி ரயில். மறுபடி பகலில் விமானம். கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் டி.ஏ.டி. அந்த மூன்று எழுத்துக்கு 'டேக் எ டிரெயின்' என்று ஜனங்கள் விரிவுரை எழுதினார்கள்.

ஆனால் இந்தத் தடத்தின் முடிசூடா மன்னன் இவர்கள் யாரும் இல்லை. டக்ளஸ் காரிகன். லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தைக் கட்டிய மெக்கானிக்குகளில் ஒருவர். தானும் அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும் என்று பல வருடம் மனுப் போட்டார். அவர் விமானம் ஒன்பது வருடப் பழசு. 310 டாலருக்கு வாங்கியது. கதவைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார். முன்பக்கத்தை உபரி பெட்ரோல் டேங்குகள் மறைத்ததால் நேரே என்ன வருகிறது என்று தெரியாது; பக்கவாட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதிகாரிகள் இதற்குக் கடல் தாண்ட அனுமதி கிடையாது என்றார்கள். வேண்டுமானால் கலிபோர்னியா போ.

சரி என்றார். 1938 ஜூலை 17 விடியற்காலை, கலிபோர்னியா போவதாகச் சொல்லி நியூயார்க்கில் மேலே ஏறினார். கிழக்கே பார்த்து ஏறியவர், மேற்கே திரும்பவே இல்லை. பத்து மணி நேரம் போனதும் கால் சில்லென்றிருந்தது. குனிந்து பார்த்தால் டேங்கிலிருந்து பெட்ரோல் ஒழுகி விமானத்துக்குள் தேங்குகிறது. திருப்புளியால் தரையில் ஓட்டை போட்டுப் பெட்ரோலை வெளியே வடித்தார். ஒழுகும் வண்டியில் நிலத்தின்மேல் பறக்கிறவன் என்ன செய்வான்? கீழே இறங்குவான். காரிகன் வேகத்தைக் கூட்டினார். 28 மணி 13 நிமிடம் கழித்து இறங்கியபோது அயர்லாந்து வந்திருந்தது.

திசைகாட்டி காலை வாரிவிட்டது, மேகம் வேறு மறைத்தது என்றார் ரொம்பச் சாதுவாக. ஒரு நாள் முழுக்கச் சூரியன் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. அரசாங்கம் 14 நாள் லைசென்ஸை நிறுத்தி வைத்தது. அந்தத் தண்டனைக் காலத்திலேயே அவர் அமெரிக்காவுக்குக் கப்பலில் திரும்பினார். நியூயார்க்கில் கால் வைத்த அன்று தண்டனை முடிந்தது. ஊர் திரண்டு ஊர்வலம் நடத்தியது. ஒரு பத்திரிகை தலைப்பையே திருப்பி, வலமிருந்து இடமாக அச்சடித்தது. 1995இல் சாகும்வரை காரிகன் சொன்ன கதையை மாற்றவில்லை. அங்கே போய் என்ன வேலை என்ற கேள்விக்கு, அங்கே போகாமலே பதில் சொன்ன ஒரே மகான்.

ஏன் விமானத்தில் போகவில்லை?

1957இல் ஜான் கிளென் போர் விமானத்தில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்திலிருந்து நியூயார்க்குக்கு 3 மணி 23 நிமிடத்தில் போனார். 1959இல் போயிங் 707 வந்து பொதுஜனத்தையும் அரை நாளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்குப் பிறகு பயணிகளுக்கு வேகம் கூடவில்லை. கூடியது வரிசை. பெல்ட்டைக் கழற்று என்று மனிதனை உரிக்கும் நேரத்தையும் சேர்த்தால் தாத்தாக்கள் நம்மைவிடச் சீக்கிரம் போயிருக்கிறார்கள்.

ஆகாயத்தில் இவ்வளவு சுலபமான பிறகு தரையில் சாதிக்க யார் வருவார்கள்? வந்தார்கள். 1971இல் கார்ப் பத்திரிகை ஆசிரியர் பிராக் யேட்ஸ் ஒரு திருட்டு ரேஸ் ஆரம்பித்தார். நியூயார்க்கில் ஒரு கார் ஷெட்டில் கிளம்பி, கலிபோர்னியாவில் கடலோர விடுதி ஒன்றில் முடிய வேண்டும். விதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த நவம்பரில் ரேஸ் வீரர் டான் கர்னியோடு ஃபெராரியில் 35 மணி 54 நிமிடத்தில் போய் ஜெயித்தார். 1974இல் பெட்ரோல் தட்டுப்பாட்டால் அரசாங்கம் நாடு முழுக்க மணிக்கு 55 மைல்தான் என்று கட்டுப்பாடு போட்டதும் இவர்களுக்கு இன்னும் குஷி. உடைக்க ஒரு சட்டம் கிடைத்தது.

1979இல் யேட்ஸின் மூளை உச்சத்தைத் தொட்டது. ஒரு வேனை ஆம்புலன்ஸாக மாற்றினார். பின்னால் ஸ்டிரெச்சரில் நோயாளி. நோயாளி வேறு யாருமில்லை, சொந்த மனைவி. பக்கத்தில் ஒரு நிஜ டாக்டர். விளக்கைச் சுழலவிட்டுப் பறந்தவர்களைப் போலீஸ் மடக்கியது. அதுவரை யாரும் கேட்காத கேள்வியை அந்தப் போலீஸ்காரர்தான் கேட்டார்: இவ்வளவு அவசரமென்றால் ஏன் விமானத்தில் கொண்டுபோகவில்லை? டாக்டர் கண்ணிமைக்காமல் சொன்னார், நுரையீரல் நோய், பறந்தால் ஆகாது என்று. விட்டுவிட்டார்கள். தர்மம் தலைகாட்டியது கடைசியில்தான். முடிவுக்கோட்டை எட்டுவதற்கு முன்னாலேயே ஆம்புலன்ஸின் கியர் பெட்டி உயிரை விட்டது. 2020 ஊரடங்கில் ரோடெல்லாம் காலியாகக் கிடந்தபோது யாரோ சிலர் 26 மணி நேரத்துக்குள் ஓட்டிக் காட்டினார்கள். போன இடத்தில் கடைகூடத் திறந்திருக்காத மாதம் அது.

எல்லாவற்றிலும் வேகமான பயணம் 1990 மார்ச் 6ஆம் தேதி நடந்தது. எஸ்ஆர்-71 என்ற கறுப்பு உளவு விமானம் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு 67 நிமிடம் 54 விநாடியில் பாய்ந்தது. இட்லி மாவு அரைக்கும் நேரம். அப்படி எங்கே அவசரம் என்றால், வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் மியூசியக்காரர்கள் காத்திருந்தார்கள். விமானம் ஓய்வு பெறுகிறது. தன்னைத் தானே அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கப் போன பயணம் அது. ரிடையராகிற அன்றைக்கு ஆபீஸிலிருந்து ஓடியே வீட்டுக்குப் போன அரசு ஊழியர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களில் அது தனியாக இல்லை. ஜாக்சனின் சிவப்பு வின்டன் அங்கேதான் இருக்கிறது. பட்டின் கண்ணாடி இருக்கிறது. பதினாறு தடவை விழுந்து எழுந்த வின் ஃபிஸ் இருக்கிறது, விழாத விமானம் என்று நம்பும்படியாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள். 63 நாளும் 49 நாளும் 68 நிமிடமும் ஒரே முதலாளியிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. எஸ்ஆர்-71 நிற்கும் கட்டடத்துக்குள் போய்ப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஆனால் காரில் போனால் வெளியே நிறுத்த 15 டாலர் கேட்கிறார்கள். 1903இல் அந்தக் காசுக்கு ஒரு நாய் கிடைத்தது, அதுவும் கெட்ட வார்த்தை பேசாதது.